இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள் அடையாள அட்டை எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அடையாள அட்டை கிடைக்காமல் அலைபவர்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேருக்குச் சிக்கல் அட்டை கொடுக்கும் இடத்தில் இருக்காது, பிறப்புச் சான்றிதழில்தான் இருக்கும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், பிறந்த திகதி பிசகியிருக்கும், அல்லது சான்றிதழே இருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் விண்ணப்பப் படிவத்தைவிட அதற்கு முந்திய வேலைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். அந்த வேலைகள் சரியாக முடிந்துவிட்டால் படிவம் நிரப்புவது ஒரு மாலை நேர வேலை.

இலங்கையில் தேசிய அடையாள அட்டை 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. கொடுப்பது ஆட்பதிவுத் திணைக்களம். முன்பு 16 வயதில் எடுத்தார்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு 15 வயது முடிந்த ஒவ்வொரு பிரஜையும் எடுக்க வேண்டும். "சாதாரண தரப் பரீட்சை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிற வீடுகள் இன்னும் நிறைய உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைக்கு 14 வயது ஆகும்போதே பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒரு தடவை எழுத்துக்கூட்டி வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்துவதற்கு ஒரு வருடம் கையில் இருக்கும்.

பிறப்புச் சான்றிதழ்தான் அத்திவாரம்

முதலில் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கறையான் அரித்தோ, லயத்துக் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பின்) கூரை ஒழுகி நனைந்தோ, தீப்பிடித்த லயத்தோடு எரிந்தோ போயிருந்தால் கலங்க வேண்டாம். பிரதி எடுக்கலாம். பழைய பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டதால், 1960க்குப் பிந்திய பிறப்புகளுக்கு இப்போது எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி கேட்டு விண்ணப்பிக்க முடிகிறது. பதுளையில் பிறந்து ஹட்டனில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், ஒரு பிரதிக்காகப் பதுளைவரை பஸ் ஏறத் தேவையில்லை. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். தெரியாவிட்டால், பிறந்த திகதி, பிறந்த தோட்டம் அல்லது ஆஸ்பத்திரி, தாய் தகப்பன் பெயர் ஆகியவற்றை வைத்துத் தேடச் சொல்லலாம்.

பிறந்த இடம் பற்றி ஒரு விஷயம். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பதிவு அந்த ஆஸ்பத்திரி இருக்கும் பிரிவின் பதிவாளரிடம் இருக்கும். தோட்டத்திலேயே, லயத்திலேயே பிறந்த பழைய தலைமுறையின் பிறப்புகள் தோட்டத்துரை (தோட்ட அத்தியட்சகர்) மூலம் மாவட்டப் பதிவாளருக்கு அறிவிக்கப்பட்டுப் பதியப்பட்டவை. ஆகவே வயதானவர்களுக்குத் தேடும்போது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அப்போது அது எந்தப் பெயரில் இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். தோட்டங்களுக்குத் தமிழில் ஒரு பெயரும் ஆங்கிலத்தில் வேறொரு பெயரும் இருப்பது நமக்குத் தெரியும். பதிவேட்டில் இருப்பது ஆங்கிலப் பெயர்தான். நம் பெயரைச் சொல்லித் தேடினால் அங்கே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

பதிவே இல்லை என்றால் இரண்டு வழி உண்டு. வயது குறைந்த பிள்ளை என்றால் காலம் கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரிக் குறிப்பு, தடுப்பூசி அட்டை, பாடசாலையில் சேர்த்த பதிவு, தாய் தகப்பனின் விவாகச் சான்றிதழ் என்று கையில் உள்ளதையெல்லாம் கொண்டுபோங்கள். வயதானவர் என்றால், முதலில் பதிவைத் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். அதை வைத்து உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். அதை வைத்தும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு வேலைக்கும் போக வேண்டியது பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம்.

உத்தேச வயது எடுக்கும்போது வயதை வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்போதைய தாயின் வயது எழுதியிருக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். வயதை இரண்டு வருடம் குறைத்து எழுதிவிட்டால் சேமலாபப் பணமும் இரண்டு வருடம் தள்ளிப் போகும். தோட்டத்து செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) ஒரு வயதும் அட்டையில் ஒரு வயதும் இருந்தால் அது தனி வழக்கு.

பெயர் என்னும் பெரிய வேலை

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், பாடசாலைப் பதிவில் உள்ள பெயர், தோட்டத்தில் பேர் பதிந்தபோது எழுதிய பெயர், சேமலாப நிதிப் பதிவில் உள்ள பெயர், வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயர், வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர், எல்லாவற்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பட்டியலில் குறைந்தது இரண்டு வேறு பெயர்கள் வரும்.

காரணம் சோம்பல் அல்ல. பல தலைமுறைகளாகப் பதிந்தவர்கள் தமிழ் தெரியாதவர்கள். சிங்களத்தில் 'ழ' கிடையாது. அதனால் பழனியாண்டி 'பலனியாண்டி' ஆனார். லெட்சுமி ஓரிடத்தில் 'லக்ஷ்மி', இன்னோரிடத்தில் 'லச்சிமி'. தோட்டத்தில் கூப்பிடும் பெயரே கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஏறிவிடும். வீட்டில் 'சின்னப்பொண்ணு' என்று கூப்பிட்டால் செக்ரோலிலும் சின்னப்பொண்ணு. பிறப்புச் சான்றிதழில் அந்த அம்மா முத்துலெட்சுமி. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்பது மலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும், கருமபீடத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைத் தலையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பிறப்புச் சான்றிதழையே மாற்றுவது, அதில் உள்ள பெயர் முற்றிலும் பிழையாகவோ, யாருமே பாவிக்காத பெயராகவோ இருந்தால் மட்டும். அப்படி மாற்ற வேண்டியிருந்தால் அடையாள அட்டைக்கு முன்பே மாற்றுங்கள். அட்டை எடுத்த பிறகு பிறப்புச் சான்றிதழைத் திருத்தினால் அட்டையையும் திருத்த வேண்டிவரும், கட்டணமும் அலைச்சலும் இரட்டிப்பாகும். பிறந்த திகதியைத் திருத்தினால் இன்னும் பெரிய வேலை. ஏனென்றால் அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது.

திருத்த முடியாத பழைய ஆவணங்களுக்கு, 'இன்ன பெயராலும் இன்ன பெயராலும் அழைக்கப்படுபவர் நான் ஒருவரே' என்று சத்தியக்கடதாசி முடிக்கலாம். சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். வேலை செய்த பழைய தோட்டத்தில் பெயர் மாறியிருப்பவர்களுக்குச் சேமலாப நிதி எடுக்கும்போது இது உதவும். ஆனால் சத்தியக்கடதாசி ஒரு ஒட்டுத்தான். அதை நம்பிப் பிள்ளைகளின் பெயரையும் குழப்பமாக விட்டுவிடாதீர்கள்.

தகப்பன் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சான்றிதழ்கள் பலவற்றில் பிள்ளையின் பெயர் நிரலில் 'சிவகுமார்' என்று மட்டும் இருக்கும், தகப்பன் பெயர் வேறு நிரலில் இருக்கும். பாடசாலையில் 'பெ. சிவகுமார்' ஆகிவிடுவார். அட்டையில் தகப்பன் பெயர் எந்த முறையில் வருகிறதோ, அதே முறையைத்தான் பரீட்சை விண்ணப்பத்திலும் வங்கியிலும் கடவுச்சீட்டிலும் பின்பற்ற வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். ஒருமுறை யோசித்து முடிவெடுத்து, அதை ஒரு அட்டையில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தப்பில்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஓர் எழுத்துக்காகப் படும் பாட்டைப் பார்த்தால் இது உங்களுக்கு மிகையாகத் தெரியாது.

பிரஜாவுரிமைப் பத்திரம் யாருக்கு வேண்டும்

இந்தப் பகுதி மற்ற மாவட்டத்து வழிகாட்டிகளில் இருக்காது. நமக்கு இது கட்டாயம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேர் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டார்கள். அதன் பிறகும் பலர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தார்கள். 1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் கொஞ்சம் சரிசெய்தன. கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும், இங்கேயே வாழ்ந்துவரும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது.

இன்று 15 வயதில் விண்ணப்பிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழே போதும். தாய் தகப்பன் இருவரிடமும் அடையாள அட்டை இருந்தால் கேள்வி வராது. ஆனால் 60, 70 வயதில் முதல்முறை விண்ணப்பிப்பவர், பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற்றவர், ஒரு காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிவிட்டுப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர், இவர்கள் பிரஜாவுரிமைச் சான்றிதழையோ அதற்குரிய பத்திரத்தையோ காட்ட வேண்டிவரும். அப்பா, தாத்தா பெயரில் உள்ள பழைய பிரஜாவுரிமைப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் அதைப் பொன்னாக வைத்திருங்கள். அதில் பிள்ளைகளின் பெயர்களும் எழுதப்பட்டிருப்பதுண்டு. பழைய தாள் என்று லெமினேட் பண்ணிவிடாதீர்கள், முத்திரையைச் சரிபார்க்க முடியாமல் போகலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு போட்டோ கொப்பி எடுத்து வேறு வேறு வீட்டில் வைத்தால் போதும்.

போட்டோ

முன்பு போல நாமே படம் எடுத்து ஒட்டி அனுப்ப முடியாது. ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த படப்பிடிப்பு நிலையத்தில்தான் எடுக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் படத்தை இணையம் வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களிடம் ஒரு பற்றுச்சீட்டு தருவார். அந்தச் சீட்டைத்தான் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். அதைத் தொலைத்தால் திரும்பவும் போட்டோவுக்குக் காசு. கடைக்குள் நுழையும்போதே "ஐ.டி.க்கு, பதிவு செய்த இடம்தானே?" என்று கேட்டுவிடுங்கள். பற்றுச்சீட்டு வாங்கியதும் அதில் உள்ள பெயரையும் பிறந்த திகதியையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பெருநாளுக்கு முந்திய நாள், சம்பள நாள் போன்ற நாட்களில் டவுனில் கூட்டம் பிதுங்கும். வேறு நாளாகப் பார்த்துப் போங்கள்.

படிவமும் உறுதிப்படுத்துபவரும்

விண்ணப்பப் படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ வாங்கலாம், திணைக்களத்தின் இணையதளத்திலிருந்தும் எடுக்கலாம். தமிழ்ப் படிவத்தையே கேளுங்கள். நிரப்புவதில் மூன்று விஷயம்தான் முக்கியம். பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் கேட்கும் இடத்தில் நீங்கள் முடிவெடுத்த எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள், வேறு யாரையும் ஊகித்து எழுத விடாதீர்கள். வெட்டித் திருத்த வேண்டாம், பிழைத்தால் புதுப் படிவம்.

முகவரி நமக்கே உரிய தலைவலி. லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் இல்லாத இடங்கள் இன்னும் உண்டு. 'மேற்பிரிவு, இன்ன தோட்டம், இன்ன தபாலகம்' என்பதோடு வாக்காளர் இடாப்பில் உங்கள் வீட்டுக்கு என்ன இலக்கம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அதையே எழுதுங்கள். 7 பேர்ச் காணியில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோயிருந்தால், இடாப்பில் அந்த முகவரி ஏறிவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

இனி, யார் கையொப்பம் வைப்பது? பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அதிபர். தோட்டத்தில் குடியிருப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகர், அதாவது துரை. மற்றவர்களுக்குக் கிராம உத்தியோகத்தர். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், துரைக்கு இந்த அதிகாரம் சட்டப்படி இருக்கிறது என்பது. அது உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல. கொழுந்து குறைவு, வேலைக்கு வரவில்லை என்ற காரணத்துக்காகக் கையொப்பத்தை மறுக்க முடியாது. தோட்டத்தில் குடியிருந்து வெளியில் வேலை செய்பவருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் கேள்வி குடியிருப்பைப் பற்றியது. துரை இல்லை, நாளைக்கு வா என்று காரியாலயத்தில் சொன்னால், என்ன நாள், என்ன நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் சேர்த்துக் கொடுத்தால் பல தோட்டங்களில் வேலை சுலபமாக நடக்கிறது. இரண்டு மூன்று குடும்பங்களின் படிவங்களை ஒன்றாகக் கொண்டுபோவதும் நல்ல யோசனை. தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவருக்கும் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போகும்.

பாடசாலையை இடையில் விட்ட பிள்ளைகள்தான் அதிகம் தவறிப்போகிறார்கள். வகுப்பில் இருந்தால் ஆசிரியர் ஞாபகப்படுத்துவார், கடைக்கு வேலைக்குப் போன பிள்ளையை யாரும் கூப்பிட மாட்டார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் உங்கள் பிள்ளைக்கு அட்டை இல்லையென்றால், அடுத்த தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வரும்போது படம், படிவம், கையொப்பம் மூன்றையும் முடிக்கும்படி முன்கூட்டியே பிறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள். விடுமுறை நாட்களில் காரியாலயம் பூட்டியிருக்கும், ஆகவே இரண்டு நாள் கூடுதலாக நிற்கச் சொல்லுங்கள்.

உறுதிப்படுத்திய படிவத்தோடு பிறப்புச் சான்றிதழ், போட்டோ பற்றுச்சீட்டு, கட்டணம் செலுத்திய ரசீது, திருமணமான பெண் கணவர் பெயரைச் சேர்ப்பதென்றால் விவாகச் சான்றிதழ், தேவையானால் பிரஜாவுரிமைப் பத்திரம் ஆகியவற்றைப் பிரதேச செயலகத்தில் உள்ள அடையாள அட்டைப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும். கட்டணம் அவ்வப்போது வர்த்தமானி மூலம் மாறுவதால், போகும் முன் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு அழைத்துக் கேளுங்கள். தமிழிலும் பதில் சொல்வார்கள்.

எந்தப் பிரதேச செயலகம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தவர்கள் முன்பு அம்பகமுவைப் பிரதேச செயலகத்துக்காகக் கினிகத்தேனைவரை இறங்க வேண்டியிருந்தது. இப்போது நோர்வூட், தலவாக்கலை என்று புதிய செயலகங்கள் வந்திருக்கின்றன. பழைய பழக்கத்தில் தூரத்துக்குப் போய்த் திரும்பி வருபவர்கள் இன்னும் உண்டு.

கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் வெளியே வராதீர்கள். ரசீதோ, திகதி முத்திரை வைத்த பிரதியோ, ஏதாவது ஒன்று வேண்டும். முழு விண்ணப்பத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

காத்திருக்கும் காலமும் அவசரமும்

தோட்டத்துக்கு வரும் தபால் பெரும்பாலும் காரியாலயத்தில்தான் இறங்கும். அங்கேயே மேசைக்குள் கிடந்து போன அட்டைகள் உண்டு. ஒரு மாதம் கடந்ததும் தோட்டக் காரியாலயம், தபாலகம், கிராம உத்தியோகத்தர் என்று மூன்று இடத்திலும் கேளுங்கள்.

பரீட்சை நெருங்கி அட்டை வராவிட்டால் அதிபரிடம் உடனே சொல்லுங்கள். பரீட்சை மண்டபத்தில் அட்டைக்குப் பதிலாகச் செல்லுபடியான கடவுச்சீட்டையும் ஏற்பார்கள், ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? எனவே ஆட்பதிவுத் திணைக்களம் பரீட்சார்த்திகளுக்குத் தரும் அடையாளத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பற்றிப் பாடசாலையில் கேளுங்கள். மிக அவசரம் என்றால் ஒருநாள் சேவை இருக்கிறது. தலைமைக் காரியாலயம் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ளது, மாகாணக் காரியாலயங்கள் சிலவற்றிலும் இந்தச் சேவை நடக்கிறது. ஒருநாள் சேவை என்றாலும் மேலே சொன்ன உறுதிப்படுத்தல் எல்லாம் முடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வெறுங்கையோடு இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் ஏமாறாதீர்கள். வாசலில் நின்று "நான் எடுத்துத் தருகிறேன்" என்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

அட்டை கைக்கு வந்ததும்

வாங்கிய இடத்திலேயே பெயர், பிறந்த திகதி, பால், முகவரி நான்கையும் பாருங்கள். இலக்கத்தையும் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள், அது சுலபம்தான். 2016 முதல் கொடுக்கப்படும் 12 இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. 1988 ஏப்ரல் 15இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு அது 106ஆவது நாள், பெண் ஆனதால் 606. ஆகவே அவர் இலக்கம் 1988606 என்று தொடங்கும். பழைய அட்டையில் அதே ஆள் 88606 என்று தொடங்கி, ஒன்பது எண்களும் கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்துமாக இருந்திருப்பார். 'வி' என்றால் அட்டை எடுத்த நேரத்தில் வாக்காளர் என்று பொருள். பழைய இலக்கத்தைப் புதிதாக்கும்போது முன்னால் 19 சேரும், நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் வரும், எழுத்து போய்விடும். வங்கியில் பழைய இலக்கம், கையில் புதிய அட்டை என்று இருப்பவர்கள் இரண்டும் ஒருவருடையதுதான் என்பதை இப்படிக் காட்டிவிடலாம்.

தொலைந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள். அப்புறம் பிரதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், வழி முன்பு சொன்னதேதான். இலக்கம் மறந்துவிட்டது என்பதற்காக முதல்முறை எடுப்பவர் போல விண்ணப்பிக்காதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம் வந்தால் சட்டச் சிக்கல், சேமலாப நிதியும் இரண்டாகப் பிரிந்துவிடும். பழைய வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதம், அடகுச் சீட்டு என்று எங்காவது அந்த இலக்கம் இருக்கும்.

மொழி பற்றி

நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகளும் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அங்கே தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் மட்டும் பதியப்பட்ட பிறப்புச் சான்றிதழின் தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்பதும் அரசியலமைப்பு தந்த உரிமைதான். விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். "ஐயா, இதைத் தமிழில் ஒருக்கா வாசித்துச் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் யாராவது ஒருவர் எழுந்து வருவார். வராவிட்டால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள்.

பாவிக்கும் முறை

அட்டையை யாரிடமும் பிணையாக வைக்காதீர்கள். கடைக் கடனுக்கும், வட்டிக்காரருக்கும், வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிற தரகருக்கும் அட்டையைக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அட்டையை இன்னொருவர் வைத்திருக்க உரிமையே கிடையாது. நுண்கடன் கொடுக்கும் நிறுவனத்துக்குப் போட்டோ கொப்பி கொடுக்கும்போது, கொப்பியின் மேல் குறுக்காக 'இன்ன தேவைக்கு மட்டும்' என்று எழுதித் திகதியும் போடுங்கள். இல்லாவிட்டால் அதே கொப்பியில் உங்களுக்குத் தெரியாமல் சிம் கார்டும் எடுக்கலாம், இன்னொருவர் கடனுக்குப் பிணையாளியாகவும் ஆக்கலாம்.

அட்டை வந்த அதே மாதத்தில் செய்ய வேண்டிய வேலைகள் சில: உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, தோட்டக் காரியாலயத்தில் சேமலாப நிதிப் பதிவில் இலக்கத்தை ஏற்றுவது, 18 ஆகும்போது வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. அஸ்வெசும போன்ற அரசாங்க நலன்புரி உதவிக்கு எழுதும்போது வங்கிக் கணக்கும் அட்டையும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். இங்கேதான் முன்பு எழுதிய வெள்ளைத் தாள் கைகொடுக்கும்.

வாக்களிக்க அட்டை இல்லாதவர்களுக்குத் தேர்தல் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை கொடுக்கும். தேர்தல் அறிவித்ததும் கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாள்வரை இருக்காதீர்கள். அது வாக்களிக்க மட்டுமே, வங்கியில் செல்லாது. 60 வயதானவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை தனியாக உண்டு, பிரதேச செயலகத்தில் முதியோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டால் செய்து தருவார். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் வரிசையில் முந்துரிமை கிடைக்கும், வாக்குச் சாவடியிலும் ஏற்றுக்கொள்வார்கள். கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, கண்டியிலும் குடிவரவுத் திணைக்களத்தின் காரியாலயம் இருக்கிறது.

டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது, அது வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் இருக்கிறார்கள். இந்தியாவின் நிதியுதவியோடு அந்த வேலை நடப்பது உண்மைதான். ஆனால் அதற்கும் இதே பெயர், இதே பிறந்த திகதிதான். இன்று பிழையோடு இருப்பவர் அன்றும் பிழையோடுதான் நிற்பார்.

கடைசியாக ஒரு விஷயம். வீட்டில் ஒருவர் இறந்தால், மரணத்தைப் பதியும்போது அவருடைய அட்டையைக் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் கொப்பி எடுத்து, செக்ரோல் இலக்கம், சேமலாப நிதி இலக்கம் இரண்டையும் அதன் பின்னால் எழுதி வையுங்கள். அவருடைய சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் உரியவர்களுக்குக் கிடைக்க அந்த மூன்று இலக்கங்களும் வேண்டும்.